எஞ்சிய தொகையில் பிறந்த நூலகம்: சரயேவோவின் காஸி ஹுஸ்ரவ் பேக் நூலக வரலாறு

ஹிஜ்ரி 943ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1537இன் தொடக்கத்தில், போஸ்னியாவின் சரயேவோ நகரில் ஒரு வக்ஃபு சாசனம் எழுதப்பட்டது. அதனை எழுதுவித்தவர் உதுமானியப் பேரரசின் சார்பில் அந்நிலப்பகுதியை நிர்வகித்துவந்த காஸி ஹுஸ்ரவ் பேக். தாம் நிறுவும் மதரஸாவின் கட்டடம், ஆசிரியரின் ஊதியம், மாணவர்க்கான உதவித்தொகை ஆகியவற்றை ஒவ்வொன்றாக வரையறுத்துச் செல்லும் அச்சாசனத்தில் ஒரு சிறு விதியும் இடம்பெற்றிருக்கிறது. கட்டுமானச் செலவுபோக எஞ்சும் தொகையைக் கொண்டு நல்ல நூல்களை வாங்க வேண்டும். அவற்றை வாசிக்க விரும்புவோர் வாசிக்கலாம். கல்வியில் ஈடுபட்டோர் படியெடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து.

ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளாக நிலைத்து நிற்கும் ஒரு நூலகம் இந்த விதியிலிருந்தே பிறந்தது. நூல்கள் பெரும்பாலும் கையாலேயே படியெடுக்கப்பட்ட காலம் அது. ஒரு நூலைப் படியெடுக்க அனுமதிப்பது என்பது, அந்நூலைப் பொதுவுடைமையாக்குவதற்கு ஒப்பானது. 'பொது நூலகம்' என்ற சொல் வழக்குக்கு வருவதற்கு முன்பே அதன் உட்பொருள் அச்சாசனத்தில் அமைந்துவிட்டது என்று நாம் கருதலாம்.

வக்ஃபு வளர்த்த நகரம்

காஸி ஹுஸ்ரவ் பேக், சுல்தான் இரண்டாம் பாயஸீதின் மகள் வயிற்றுப் பேரர். 1521இல் போஸ்னியாவின் நிர்வாகியாக வந்தவர், இடையில் சில காலம் நீங்கலாக, 1541இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். அவர் எழுப்பிய பெரிய பள்ளிவாசல் இன்றும் நகரின் நடுநாயகமாக விளங்குகிறது. பள்ளிவாசலைச் சுற்றிச் சிறுவர் மக்தப், ஏழைகளுக்கு உணவளிக்கும் இமாரத், பயணிகள் தங்கும் விடுதி, ஸூஃபிகளின் கான்காஹ், குளியல் மனை ஆகியவை எழுந்தன. இவற்றைப் பராமரிக்கக் கடைவீதிகளின் வாடகை வக்ஃபாக்கப்பட்டது. கடைகளின் வருவாய் பசித்தவருக்கு உணவாயிற்று, மாணவருக்குக் கல்வியாயிற்று.

பள்ளிவாசலுக்கு எதிரே அமைந்த மதரஸா, அவருடைய அன்னை ஸெல்ஜூக்கின் நினைவாகக் கட்டப்பட்டது. கூரை ஈயத்தகட்டால் வேயப்பட்டமையால் மக்கள் அதனைக் 'குர்ஷும்லி' என்றே அழைத்தனர். துருக்கியில் 'குர்ஷுன்' என்றால் ஈயம். தஃப்ஸீர், ஹதீஸ், சட்டவியல், கலாம் ஆகிய கலைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் சாசனம், காலமும் இடமும் வேண்டும் பிற கலைகளும் அங்கே கற்பிக்கப்பட வேண்டும் என இடம்விட்டுச் சொல்கிறது. வருங்காலத்துக்குக் கதவைத் திறந்துவைத்த இந்தப் பார்வை நம் கவனத்துக்குரியது.

நூலகம் நாளடைவில் வளர்ந்தது. ஆலிம்களும் வணிகர்களும் தம் நூல்களை வக்ஃபாக வழங்கினர். விற்கவோ பிறருக்கு அளிக்கவோ கூடாது என்ற நிபந்தனையை நூலின் ஏட்டிலேயே எழுதிவைப்பது அக்கால வழக்கம். 1697இல் ஆஸ்திரியத் தளபதி இளவரசர் யூஜினின் படை சரயேவோவைத் தீக்கிரையாக்கியது. நகரின் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் பாதிப்புற்றன. ஆயினும் மக்கள் மீண்டும் கட்டினர். மீண்டும் நூல்களைச் சேர்த்தனர்.

ஏடுகளில் வாழும் எளிய மக்கள்

இந்நூலகத்தில் உள்ளவை அறிஞர்களின் ஆக்கங்கள் மட்டுமே என எண்ணிவிடலாகாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் ஒரு பிரதி, இமாம் அவர்கள் வாழ்ந்திருந்த காலத்திலேயே, 1105ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. நூலகத்தின் மிகப் பழைய சுவடியாகப் போற்றப்படுவது அதுவே. அதே நூலகத்தில்தான் முல்லா முஸ்தபா பஷெஸ்கியாவின் கையெழுத்துப் படியும் இருக்கிறது. 1731இல் பிறந்து 1809இல் மறைந்த இவர், இமாமாகவும் மக்தப் ஆசிரியராகவும் இருந்தவர். கடைவீதியில் அமர்ந்து எழுதத் தெரியாத மக்களுக்குக் கடிதங்களும் மனுக்களும் எழுதிக்கொடுத்தவர். ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கால நிகழ்ச்சிகளைத் துருக்கி மொழியில் அவர் குறித்துவைத்தார். கொள்ளைநோய், விலைவாசி, தீவிபத்து, திருமணம் என யாவும் அதில் உண்டு. இறந்தோர் பட்டியலில் சுமை தூக்கியவர், செருப்புத் தைத்தவர், மனம் பேதலித்தவர் ஆகியோரும் பட்டப்பெயருடன் இடம்பெற்றுள்ளனர். அரசவை வரலாறுகள் கண்டுகொள்ளாத மனிதர்களுக்கு இந்த ஏடுகளில்தான் இடம் கிடைத்தது.

போஸ்னிய மொழியை அரபு எழுத்தில் எழுதும் 'அரெபித்ஸா' மரபுக்கும் இந்நூலகம் கருவூலமாகும். முஹம்மது ஹவாயீ உஸ்குஃபி 1631இல் போஸ்னிய-துருக்கிச் சொற்களைச் செய்யுளில் தொகுத்த அகராதி இம்மரபில் புகழ்பெற்றது. அரபுத்தமிழை அறிந்த நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. தாய்மொழியையும் மார்க்கத்தின் எழுத்தையும் இணைத்த இரு சமூகங்கள், ஒன்றையொன்று அறியாமலே ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

1878இல் ஆஸ்திரிய-ஹங்கேரிய ஆட்சி வந்தபின் கல்வியும் நிர்வாகமும் மாறின. அரபு எழுத்தறிந்தோர் தொகை காலப்போக்கில் அருகியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய யூகோஸ்லாவிய ஆட்சியில் ஷரீஅத் நீதிமன்றங்கள் ஒழிக்கப்பட்டன; வக்ஃபு சொத்துகள் அரசுடைமையாயின. நான்கு நூற்றாண்டுகளாக நூலகத்துக்கு உயிரூட்டிய பொருளாதார வேர் இவ்வாறு அறுக்கப்பட்டது. எனினும் முஸ்லிம் சமூகத்தின் மார்க்க அமைப்பு நூலகத்தைக் கைவிடவில்லை. பிற ஊர்களின் மதரஸாக்களிலும் குடும்பங்களிலும் இருந்த தொகுப்புகள் இங்கு வந்து சேர்ந்தன. சிறைவாசம் அனுபவித்து மீண்ட ஆலிம் காஸிம் தொப்ராச்சா தொகுத்த சுவடி அட்டவணையின் முதல் தொகுதி 1963இல் வெளிவந்தது. வெளியே பேச வழியற்ற ஓர் அறிஞர், நூல்களை வரிசைப்படுத்துவதையே தம் தொண்டாக்கிக்கொண்டார்.

தீயின் நடுவே

1992 ஏப்ரலில் சரயேவோ முற்றுகை தொடங்கியது. சுற்றியுள்ள மலைகளிலிருந்து போஸ்னிய செர்பியப் படைகள் நகரைக் குண்டுகளால் தாக்கின. மே 17 அன்று கீழைத்தேயவியல் நிறுவனம் எரிந்தது. அரபு, பாரசீகம், துருக்கி, அரெபித்ஸா ஆகியவற்றில் எழுதப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் சாம்பலாயின. ஆகஸ்டு 25 இரவு, பழைய நகரமன்ற மாளிகையில் இயங்கிய தேசிய, பல்கலைக்கழக நூலகம் தாக்கப்பட்டது. நூலகரும் பொதுமக்களும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி நூல்களை வெளியேற்ற முயன்றனர். ஆயினும் பல இலட்சம் நூல்கள் அழிந்தன. கருகிய தாள்கள் பனிபோல் நகரின்மீது விழுந்ததை அங்கிருந்தோர் நினைவுகூர்கின்றனர்.

அப்போது காஸி ஹுஸ்ரவ் பேக் நூலகம் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே இருந்தது. 1863இல் மதரஸாவிலிருந்து பெரிய பள்ளிவாசலை ஒட்டிய அறைக்கும், 1935இல் அங்கிருந்து இவ்விடத்துக்கும் அது பெயர்ந்திருந்தது. இயக்குநர் முஸ்தபா யாஹிச், ஆபத்தை முன்னுணர்ந்து சுவடிகளை அப்புறப்படுத்த முடிவு செய்தார். சில ஊழியர்களும், காங்கோ நாட்டிலிருந்து வந்து நூலகத்தில் இரவுக் காவலராகப் பணியாற்றிய ஒருவரும் அவருடன் நின்றனர். வாழைப்பழப் பெட்டிகளில் சுவடிகளை அடுக்கி, குறிபார்த்துச் சுடுவோரின் பார்வைக்குத் தப்பித் தெருக்களைக் கடந்து சுமந்தனர். ஓரிடத்தில் வைத்தால் ஒரே குண்டில் எல்லாம் அழியும் என்பதால் போர் முடியும்வரை அவை பலமுறை இடம் மாற்றப்பட்டன. முற்றுகை நீடித்தபோதே சுவடிகளை நுண்படச்சுருளில் பதிவு செய்யும் வேலையும் தொடங்கியது. மூலம் அழிந்தாலும் உள்ளடக்கம் எஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். படியெடுக்க அனுமதித்த 1537இன் சாசனம், 455 ஆண்டுகளுக்குப் பிறகு இவ்வாறும் நிறைவேறியது.

ரொட்டிக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்ற மக்கள், தாங்கள் வாசித்தறியாத ஏடுகளுக்காக உயிரைப் பணயம் வைத்தது ஏன்? அந்நூல்கள் ஓர் அரசின் உடைமையாகவோ ஒரு செல்வரின் சேகரிப்பாகவோ அவர்களுக்குத் தோன்றவில்லை. முன்னோர் அல்லாஹ்வுக்காக அர்ப்பணித்து, பின்வருவோர்க்கென ஒப்படைத்த அமானிதம் அவை. வாசிக்கத் தெரியாதவரும் காக்கக் கடமைப்பட்ட பொருள் அமானிதம்.

மீண்டும் தொடங்கிய இடத்தில்

2014 ஜனவரியில், கத்தார் நாட்டின் நிதியுதவியுடன் எழுந்த புதிய கட்டடம், குர்ஷும்லி மதரஸாவை அடுத்து, திறக்கப்பட்டது. 151 ஆண்டுகளுக்குப் பின் நூலகம் தான் பிறந்த இடத்துக்கே திரும்பியது. ஏறத்தாழ பத்தாயிரம் சுவடித் தொகுதிகளுடன் வாசகர் கூடம், சொற்பொழிவு மண்டபம், அருங்காட்சியகம், சுவடிப் பராமரிப்புக் கூடம் ஆகியவை அங்குள்ளன. 1972 முதல் நூலகம் வெளியிட்டுவரும் 'அனாலி' ஆய்விதழ் சுவடிகளை அறிஞர் உலகுக்கு அறிமுகப்படுத்துகிறது. 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இச்சுவடித் தொகுப்பு சேர்க்கப்பட்டது.

கட்டடம் வெளிநாட்டுக் கொடையால் வந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கட்டடத்துள் வைக்க நூல்கள் எஞ்சியிருந்தமைக்கு, பெட்டிகளைச் சுமந்த கைகளே காரணம். செல்வத்தால் சுவர்களை எழுப்ப முடியும். 1992 மே மாதத்தில் எரிந்த சுவடிகளை எந்தச் செல்வத்தாலும் மீட்க முடியவில்லை.

நம் ஊர்களிலும் மதரஸா அலமாரிகளிலும் பழைய வீட்டுப் பரண்களிலும் அரபுத்தமிழ் ஏடுகள் செல்லரித்துக் கிடக்கின்றன. அவற்றை அழிக்கப் பகைவர் குண்டு வீச வேண்டியதில்லை. மழையும் கரையானும் நம் அசட்டையும் போதும். பள்ளிவாசலைப் புதுப்பிக்கவும் மினாராவை உயர்த்தவும் நாம் தாராளமாகப் பொருள் தருகிறோம். அந்தப் பணி முடிந்தபின் எஞ்சும் தொகை எங்கே செல்கிறது? நம் ஜமாஅத்துகளின் வரவு செலவுக் கணக்கில் நூல்களுக்கென ஒரு வரியேனும் உண்டா? காஸி ஹுஸ்ரவ் பேக் தம் சாசனத்தில் அந்த வரியை எழுதிவைத்தார். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும்போது, நாமும் அதனை எழுதச் சொல்லிக் கேட்கலாம்.