வாடைக் காற்றும் கடலின் சூடும்: நமது மாரிக்கு ஒரு வரலாறு

பத்தாம் தர வகுப்பில் பெரும்பொழுதுகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கார், கூதிர், முன்பனி என்று கரும்பலகையில் எழுதி, கார்காலத்துக்கு நேரே ஆவணி, புரட்டாதி என்று போட்டேன். பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழும்பினான்.

"சேர், ஆவணியில நமக்கு வெயிலும் கச்சானும்தானே எரிக்கிது. மழை கார்த்திகையிலதானே வருது?"

அவன் கேட்டது சரி. இலக்கண உரைகள் வகுத்த கார்காலம் மேலைக் கடலிலிருந்து மழை பெறும் நிலத்துக்குப் பொருந்தும். கிழக்கிலங்கை கார்த்திகை, மார்கழியில்தான் நனைகிறது. தென்மேற்குக் காற்று மழையை மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு நம்மிடம் கச்சானாக வருகிறது, நமக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று என்று பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என் பதிலில் பாதி இல்லை என்று தெரிந்தது. வடகீழ்க் காற்று ஆசியாக் கண்டத்தின் குளிர்ந்து வரண்ட உள்நிலத்தில் புறப்படுவது. வரண்ட காற்று மழையை எங்கிருந்து கொண்டுவருகிறது?

எங்கள் ஊரில் கரைவலை இழுத்த ஒரு முதியவர் சொல்வது அப்போது நினைவுக்கு வந்தது. "கார்த்திகையில சுபஹுக்குப் பிறகு கடலுக்க கால வெச்சுப் பாரு. தண்ணி இளஞ்சூடாக் கிடக்கும். காத்துத்தான் குளிரும்." சிறுவயதில் இதை விளையாட்டுப் பேச்சாக எடுத்தேன். மாரியின் முழு இரகசியமும் அந்தப் பேச்சுக்குள் இருந்தது.

நனைந்த உடம்போடு குளத்திலிருந்து ஏறும்போது காற்று பட்டால் நடுங்குகிறோம். உடம்பில் உள்ள நீர் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உடம்பிலிருந்தே எடுப்பதுதான் காரணம். கடலுக்கும் இதுவே நடக்கிறது. வரண்ட வாடை சூடான கடலின் மேல் வீசும்போது நீர் வேகமாக ஆவியாகிறது. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 25 இலட்சம் யூல் வெப்பம் கடலை விட்டுப் போகிறது. அந்த வெப்பம் அழிவதில்லை, நீராவிக்குள் மறைவெப்பமாக ஒளிந்திருக்கிறது. ஆவி மேலெழுந்து முகிலாக ஒடுங்கும்போது அது திரும்பவும் வெளிப்பட்டு, சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி இன்னும் மேலே தள்ளுகிறது. கீழே புதிய ஈரக்காற்று வந்து சேர்கிறது. கடல் கொடுக்கக் கொடுக்க முகில் வளர்கிறது. சூறாவளி உருவாகக் கடல்மேற்பரப்பு ஏறத்தாழ 26 அல்லது 27 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும் என்பதை 1948இல் எரிக் பால்மென் என்ற பின்லாந்து அறிஞர் எடுத்துக் காட்டினார்.

கடலின் மேல் மூன்று மீற்றர் அளவான நீர், தனக்கு மேலுள்ள வளிமண்டலம் முழுவதும் வைத்திருக்கும் அளவு வெப்பத்தைத் தாங்கும். வெயில் காலத்தில் நிரப்பி மாரியில் திறக்கும் அட்டுவம் என்று கடலைச் சொல்லலாம். வங்காள விரிகுடாவுக்கு இன்னொரு தன்மையும் உண்டு. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி ஆறுகள் கொட்டும் நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் உப்பு நீரின் மேல் ஒரு மூடிபோல் பரவி நிற்கிறது. அதனால் மேல்நீரும் அடிநீரும் இலகுவில் கலப்பதில்லை. மாரியில் மேற்பரப்பு சற்றுக் குளிர்ந்தாலும் மூடிக்குக் கீழே சூடு தங்கியிருக்கும்.

இந்த விளக்கம் பிற்காலத்தது. காற்றின் முறையைக் கடலோடிகள் அதற்கு மிக முன்பே அறிந்திருந்தார்கள். 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லுக்குப் பருவம் என்று பொருள். அது போர்த்துக்கேயர் வாயில் 'மொன்சாவ்' ஆகி, ஆங்கிலத்தில் 'மொன்சூன்' ஆயிற்று. ஜுல்பாரில் பிறந்த அஹ்மத் இப்னு மாஜித், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய 'கிதாபுல் பவாஇத்' என்ற கடல் நூலில், எந்தத் துறையிலிருந்து எந்த நாட்களில் பாய் விரிக்கலாம் என்பதைக் கணக்கிட்டுத் தந்தார். மாரிக்கால வாடை மலபாரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மரக்கலங்களை அரபுக் கரைக்குக் கொண்டுபோனது. தென்மேற்குக் காற்று அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தது. காற்று மாறும்வரை வணிகர்கள் துறைகளில் மாதக்கணக்கில் தங்கினார்கள். அந்தத் தங்கலில் திருமணங்கள் நடந்தன, குடியிருப்புகள் உருவாகின. நமது சமூக வரலாற்று நூல்களில் அரபு மரக்கலங்கள் வராத அத்தியாயம் குறைவு. அவை ஏன் அந்த மாதத்தில் வந்தன, ஏன் உடனே திரும்பவில்லை என்ற கேள்விக்குத்தான் இடம் குறைவு.

காரணம் தேடிய முயற்சி பிறகு வந்தது. எட்மண்ட் ஹாலி 1686இல் கடலோடிகளின் தகவல்களைத் திரட்டிப் பருவக்காற்றுகளை வரைபடமாக்கினார், சூரிய வெப்பமே அவற்றை இயக்குகிறது என்றார். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் விரிகுடாப் புயல்களைக் கப்பல் நாட்குறிப்புகளிலிருந்து ஆராய்ந்து, 1848இல் வெளியிட்ட நூலில் 'சைக்கிளோன்' என்ற சொல்லை வழங்கினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது அது. இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைமையில் 1904 முதல் இருபது ஆண்டுகள் இருந்த கில்பர்ட் வோக்கர், தூரத்துக் கடல்களின் அமுக்க மாற்றங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று கண்டார். அதைப் பசுபிக் கடலின் வெப்பத்தோடு, அதாவது எல் நினோவோடு, 1969இல் இணைத்துக் காட்டியவர் ஜேக்கப் பியர்க்னஸ். எல் நினோ ஆண்டுகளில் நமது ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் கூடுகிறது.

ஹாலியும் பிடிங்டனும் கடலோடிகளின் வாய்மொழியையும் நாட்குறிப்பையும் வைத்தே தொடங்கினார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு நம்மைப் பற்றிய கவலை வருகிறது.

1964 டிசம்பர் 22 அன்று இலங்கையின் வடபகுதியைக் கடந்த புயல் அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்புக் கரையில் ஏறிய சூறாவளி கிழக்கிலங்கையைக் கிழித்துக்கொண்டு மேற்கே போய், மறுநாள் இராமநாதபுரக் கரையைத் தாக்கியது. இந்த நாட்டில் நூற்றுக்கணக்கானோர் மௌத்தானார்கள். தென்னந்தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலின்போது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிர்தாங்காமல் செத்தன. மழையில் தோய்ந்த உடம்பின் சூட்டைக் குளிர்காற்று பறித்துக்கொண்டு போனது. குளத்திலிருந்து ஏறும் நம்மை நடுங்க வைப்பதும் அதுதான்.

நான் சூறாவளிக்கு அடுத்த வருடம் பிறந்தவன். எங்கள் பகுதியில் வயதை இப்படித்தான் சொல்வோம். உம்மாவிடம் அந்த இரவைப் பற்றிப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஓடு பறந்தது, பள்ளிவாசலுக்குள் ஓடினது, விடிந்து பார்த்தால் தென்னைகள் தலையில்லாமல் நின்றது எல்லாம் சொல்வா. எல்லா வீட்டிலும் உள்ள கதைதான். ஆனால் இந்தக் கட்டுரைக்காகச் சென்ற மாதம் கேட்டபோது, வேறொன்றும் சொன்னா.

"முதல்ல வடக்கால அடிச்சிச்சி மனே. பிறகு கொஞ்ச நேரம் ஒரு இலையும் ஆடல்ல. முடிஞ்சிது எண்டு சிலபேர் வெளியால போனாங்க. பிறகு தெற்கால வந்திச்சி. ரெண்டாவதா வந்ததுதான் பொல்லாதது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காற்று நின்ற அந்தச் சிறிது நேரம்தான் சூறாவளியின் கண். நமது பக்கத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். கிழக்கிலிருந்து வரும் புயலின் மையம் ஓர் ஊருக்கு நேராகப் போனால், அங்கே வடக்கால் அடித்து, நின்று, தெற்கால் அடிக்கும். காற்று நிற்காமல் கிழக்குப் பக்கத்தால் திரும்பிய ஊர் மையத்துக்கு வடக்கே இருந்தது. மேற்குப் பக்கத்தால் திரும்பிய ஊர் தெற்கே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத என் உம்மா, நாற்பது வருடங்களுக்கு மேலாக ஓர் அளவைக் குறிப்பைத் தன்னிடம் வைத்திருந்திருக்கிறா. நான் ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

ஊருக்கு ஊர் இப்படிக் கேட்டு எழுதினால், அந்தப் புயல் போன பாதையையும் அதன் கண்ணின் அகலத்தையும் நமது கிராமங்களின் பெயர்களாலேயே வரையலாம். பள்ளிவாசல் பதிவேடுகள், வட்டை விதானைமாரின் விளைச்சல் கணக்குகள், முகத்துவாரம் வெட்டிய நாட்கள் ஆகியவை அதற்குத் துணையாகும். அன்று வளர்ந்தவர்களாக இருந்தவர்களுக்கு இன்று அறுபத்தைந்துக்கு மேல். வருடா வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

வெள்ளமும் புயலும் அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் நமக்கு மறுப்பில்லை. கடலோடிகள் அதை நம்பிக்கொண்டுதான் நாட்களை எண்ணிக் குறித்து வைத்தார்கள். கடல் சூடாகிவரும் இந்தக் காலத்தில் எங்கே வீடு கட்டுவது, எந்த வாய்க்காலை மூடாமல் விடுவது என்று தீர்மானிப்பதற்குப் பழைய மாரிகளின் கணக்கு நமக்கு வேண்டும்.

கேள்வி கேட்ட மாணவனையும் இன்னும் ஆறுபேரையும் சேர்த்து ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முதியவரிடமும் மூன்றே கேள்விகள். காற்று முதலில் எந்தப் பக்கத்தால் வந்தது? நடுவில் நின்றதா? தண்ணீர் எதுவரை ஏறியது? இதுவரை பதினொரு பேரின் பதில் எழுதியாயிற்று. கரைவலை முதியவர் வபாத்தாகி வெகுகாலம். அவருடைய பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். வாசகர்கள் தங்கள் வீட்டு மூத்தவர்களிடம் இந்த மூன்றையும் இந்த மாரிக்குள் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.