மருந்தாய்ப் பிறந்து விருந்தாய் வளர்ந்த சோடா



நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அறுவை முடிந்த மூன்றாம் நாள், என் தந்தையார் பங்சாரிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு நெகிழிப் பை. அதற்குள் ஒரு போத்தல் ஐஸ்கிரீம் சோடா.

"குடிம்மா, ஏப்பம் வந்தால் வயிறு இலேசாகிவிடும்" என்றார்.

அருகில் நின்ற தாதி பதறிப்போய் அதை வாங்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். "இனிமேல் இவர் வாயுள்ள பானம் எதுவும் குடிக்கக் கூடாது, ஐயா" என்றார். தந்தையாரின் முகம் சுருங்கிவிட்டது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது, சோடா வாங்கிச் செல்ல வேண்டும் என்பது அவர் சிறுவயதில் கற்ற பண்பாடு. அது எப்படித் தவறாக இருக்க முடியும் என்று அவருக்கு விளங்கவில்லை.

வீடு திரும்பி ஓய்வில் இருந்த நாள்களில் இக்கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. நோயாளிக்குச் சோடா கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மருந்துக் கடையில் பிறந்த பானம்

தந்தையாரின் நம்பிக்கை மூடநம்பிக்கையன்று; அதற்கு இருநூற்றைம்பது ஆண்டுக் கால வரலாறு உண்டு. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர், தம் வீட்டுக்கு அருகில் இருந்த மதுவடிசாலையில் நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கிய வாயுவை நீரில் கலந்து பார்த்தார். அந்நீர் இனிய கரிப்புச் சுவையுடன் இருந்தது. 1772இல் அச்செய்முறையை நூலாக வெளியிட்டார். நெடுங்கடற் பயணம் செய்யும் மாலுமிகளைத் தாக்கும் ஸ்கர்வி நோயை இந்நீர் தீர்க்கும் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கை பொய்த்தது, பானம் மட்டும் நிலைத்தது. யாக்கோப் ஷ்வெப் என்பவர் 1783இல் ஜெனிவா நகரில் அதனைத் தொழிலாக்கினார்.

அதன் பின்னர் நெடுங்காலம் சோடா மருந்துக் கடைகளிலும் விற்கப்பட்டது. 1886இல் அட்லாண்டாவில் கோக்கா கோலாவை உருவாக்கிய ஜான் பெம்பர்டன் ஒரு மருந்தாளர். பெப்சியை உருவாக்கிய கேலப் பிராட்ஹாமும் மருந்தாளரே. 1929இல் வெளிவந்த செவன் அப் பானத்தில், மனநோய்க்குப் பிற்காலத்தில் மருந்தாகக் கொடுக்கப்பட்ட லித்தியம் உப்பு முதலில் சேர்க்கப்பட்டிருந்தது. "வயிற்றுக்கு நல்லது", "களைப்பு நீங்கும்" என்னும் சொற்கள் அக்காலத்து விளம்பரச் சொற்கள். அவையே தலைமுறைகள் கடந்து என் தந்தையாரின் வாயில் ஒலித்தன.

தமிழரிடம் வந்த கதை

1872இல் ஹிராம் காட் என்னும் ஆங்கிலேயர், கழுத்தில் கண்ணாடிக் கோலி அடைக்கும் போத்தலுக்குக் காப்புரிமை பெற்றார். பல நாடுகளில் அது வழக்கொழிந்த பின்னும் தமிழகத்தில் 'கோலி சோடா'வாக நிலைபெற்றது. 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனம் நூறாண்டு கடந்தும் நடக்கிறது. விருந்துண்ட பின் சோடா குடித்துச் செரிமானம் தேடுவது அங்கே ஊர் வழக்கமாயிற்று.

நம் மலாயாவுக்கு அது வேறு வழியில் வந்தது. சிங்கப்பூரில் அச்சகம் நடத்திவந்த ஜான் ஃபிரேசர், டேவிட் சால்மர்ஸ் நீவ் ஆகிய இருவரும் 1883இல் வாயுநீர்த் தொழிலைத் தொடங்கினர். அதுவே பின்னர் எஃப் அண்ட் என் என்று நாமெல்லாரும் அறிந்த பெயராயிற்று. 1936இல் கோக்கா கோலாவையும் அந்நிறுவனம் போத்தலில் அடைக்கத் தொடங்கியது. தன் நூறாம் ஆண்டான 1983இல் ஹண்ட்ரட் பிளஸ் பானத்தை வெளியிட்டது. காய்ச்சல் வந்தால் ஹண்ட்ரட் பிளஸ் வாங்கிக் கொடுக்கும் தாய்மார் இன்றும் நம்மிடையே உள்ளனர் அல்லவா? மருந்தென்னும் எண்ணம் இன்னும் சாகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தோட்டத்துத் தீபாவளி

பங்சார் என்னும் பெயரே ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர். புங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பிய முதலாளிகள் இருவரின் பெயர்களை இணைத்துப் 'புங்சார்' தோட்டம் எனப் பெயரிட்டனர். இன்று விலையுயர்ந்த உணவகங்களும் மாடி வீடுகளும் நிற்கும் அம்மேட்டு நிலத்தில் அன்று நம்மவர்கள் பால்மரம் வெட்டினர்.

என் தந்தையார் அத்தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவர் சொல்லும் கணக்கு இது: ஆண்டில் 'கலர்' குடித்த நாள்கள் இரண்டு அல்லது மூன்று. தீபாவளி ஒன்று; தோட்டத்துக் கோயில் திருவிழா இன்னொன்று; யாருக்கேனும் காய்ச்சல் கண்டால் மற்றொன்று. ஒரு கண்ணாடிப் போத்தலை நான்கு பிள்ளைகள் பகிர்ந்துகொள்வர். வெறும் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கி வருவது மூத்தவரின் வேலை. அவ்வளவுதான். அந்த ஒரு மடக்கால் எந்தப் பிள்ளையும் பருத்துவிடவில்லை. அவர்களின் பெற்றோர் விடியற்காலை முதல் மலைமேட்டில் நடந்து உழைத்தவர்கள். பிள்ளைகளும் ஓடி விளையாடியவர்கள்.

பின்னர் மாறியவை மூன்று.

முதலாவது, அளவு. 1916இல் வந்த கோக்கா கோலாவின் இடை சிறுத்த போத்தல் ஏறத்தாழ 190 மில்லிலிட்டர் மட்டுமே கொண்டது. 1970களில் நெகிழிப் போத்தல் வந்ததும் ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் என்று வளர்ந்தது. இரண்டாவது, விலை. திருநாளுக்கு மட்டும் வாங்கக்கூடியது அன்றாடம் வாங்கக்கூடியதாயிற்று. மூன்றாவது, உழைப்பு. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தோம், நாற்காலியில் அமர்ந்தோம். உண்ணும் பழக்கம் மட்டும் தோட்டத்துத் திருநாளாகவே நின்றுவிட்டது. இப்போது ஒவ்வொரு நாளும் தீபாவளி.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் பாதிப் பேர் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். நீரிழிவு நோய் ஐவரில் ஏறத்தாழ ஒருவருக்கு. இனவாரியாகப் பார்த்தால் நீரிழிவில் முதலிடம் நம்மவர்களுக்கே. நாம் முந்தி நிற்க வேண்டிய இடம் இதுவா?

அறுவை சிகிச்சையின் வரலாறு

எடைக் குறைப்பு அறுவையும் புதியதன்று. 1950களில் அமெரிக்காவில் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி இணைக்கும் முறை தொடங்கியது. கடுமையான பக்கவிளைவுகளால் அது கைவிடப்பட்டது. 1966இல் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கிக்கொண்டவர்கள் மெலிந்துபோவதைக் கவனித்து, இரைப்பை மாற்றுவழி அறுவையை உருவாக்கினார். 1990களில் சிறு துளைகளின் வழியே செய்யும் முறை வந்தது. இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கி, குழல் போல ஆக்கும் முறை. எனக்குச் செய்ததும் அதுவே.

இனி, தந்தையாருக்கு நான் விளக்கியதை இங்கே எழுதுகிறேன். ஐந்தாம் ஆண்டுக் கணிதம் போதும்.

ஒரு லிட்டர் வாயு பானத்தில் ஏறத்தாழ மூன்று முதல் நான்கு லிட்டர் கரியமில வாயு கரைந்திருக்கும். அப்படியானால் 325 மில்லிலிட்டர் தகரக் குவளையில் அடங்கியிருப்பது சுமார் ஒரு லிட்டர் வாயு. அறுவைக்குப் பின் என் இரைப்பையின் கொள்ளளவோ 100 முதல் 150 மில்லிலிட்டர் வரைதான். மாற்றுவழி அறுவையில் அமைக்கும் சிறு பை 30 மில்லிலிட்டர் அளவே. வாயுவெல்லாம் ஒரே நேரத்தில் வெளிப்படுவதில்லை, ஏப்பமாகவும் வெளியேறும். ஆயினும் தைத்த புண் ஆறாத நிலையில் அந்த உப்பல் தாங்க முடியாத வலியாகும்.

வாயு காலப்போக்கில் இரைப்பையை விரித்துவிடும் என்றும் பலர் சொல்வதுண்டு. அதற்கு உறுதியான ஆய்வுச் சான்று குறைவு. ஆகவே மாணவர்களிடமோ உறவினர்களிடமோ அதனை முடிந்த முடிபாகக் கூற வேண்டா.

சான்றுள்ள தீமை சர்க்கரையில் இருக்கிறது. நூறு மில்லிலிட்டருக்குப் பத்துக் கிராம் சர்க்கரை எனக் கொண்டால், ஒரு தகரக் குவளையில் முப்பத்திரண்டு கிராம். அதாவது ஏறத்தாழ எட்டுத் தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் அடங்கினால் நன்று என்கிறது. இரைப்பை சிறுத்தவருக்கு இச்சர்க்கரை நீர் விரைந்து சிறுகுடலுக்குள் பாயும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், தலைசுற்றும், வயிற்றுப்போக்கும் உண்டாகும். மாற்றுவழி அறுவை செய்தவர்களுக்கு இது மிகுதி. இவை ஒன்றும் நேராமல் இனிதாக இறங்கிவிட்டாலோ, அது இன்னும் ஆபத்து. ஏனெனில், நீர்மம் பசியை அடக்காது. எடை மட்டும் திரும்ப ஏறும்.

என் தவறு

இதை நான் நூலில் மட்டும் படிக்கவில்லை. முதலாண்டு கட்டுப்பாடாக இருந்தேன். இரண்டாம் ஆண்டுத் தீபாவளியில் உறவினர் வீட்டில் "ஒரு மடக்குதானே, சித்தி" என்று நீட்டினார்கள், குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதுவே என் கேடு. வாயுவைக் கலக்கி வெளியேற்றிவிட்டுக் குடித்தால் தீங்கில்லை என்று எனக்கு நானே நீதி சொல்லிக்கொண்டேன். ஆசிரியர் அறையில் தேநீர்க் குவளைக்குள் கறுப்புப் பானம் ஊற்றி வைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தேன். ஓராண்டில் ஒன்பது கிலோ திரும்ப ஏறியது.

ஒருநாள் நன்னெறிக் கல்விப் பாடம் முடிந்தபின் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி மேசையருகே வந்தாள். "டீச்சர், உங்க தேத்தண்ணியில ஏன் நுரை வருது?" என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினாள். அன்று காலையில்தான் அவள் கொண்டுவந்த குளிர்பானப் போத்தலை நான் வாங்கி வைத்திருந்தேன். மறுமொழி சொல்ல நாவெழவில்லை. அப்போத்தலை அவளிடமே திருப்பிக் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சொன்னேன். என் குவளையைக் கழுவி வைத்தேன். மறுவாரம் உணவியல் வல்லுநரை மீண்டும் சென்று கண்டேன்.

நாம் செய்யக்கூடியவை

அரசு தன் பங்கைச் செய்கிறது. நூறு மில்லிலிட்டரில் ஐந்து கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு 2019 சூலை முதல் நாள் தொடங்கி லிட்டருக்கு 40 காசு கலால் வரி விதித்தது. 2024இல் அதனை 50 காசாக உயர்த்தியது. அதன் பின்னும் உயர்த்தியிருக்கிறது. ஆனால் பள்ளி வாயிலுக்கு வெளியே உள்ள கடையையும், பிள்ளையின் பிறந்தநாள் மேசையையும் வரி காக்காது. அங்கே நாம்தான் நிற்க வேண்டும்.

1. பள்ளி நிகழ்ச்சிகளிலும் வகுப்பறைப் பிறந்தநாள்களிலும் வெறும் நீரும் பழமும் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முதலில் நாம் அதனைக் கடைப்பிடிப்போம்.

2. போத்தலின் மேலுள்ள சத்துப் பட்டியலைக் கணிதப் பாடத்தில் பயன்படுத்துங்கள். அறிவுரையை மறக்கும் பிள்ளை, தானே கணக்கிட்ட எட்டுத் தேக்கரண்டியை மறப்பதில்லை.

3. எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்ட உறவினரை "ஒரு மடக்குதானே" என்று வற்புறுத்தாதீர். அவர்களுக்குரிய உணவு முறையை அவர்களின் மருத்துவரும் உணவியல் வல்லுநரும் கூறுவர்.

4. நோயாளியைக் காணச் செல்லும்போது என்ன வாங்கலாம் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

என் தந்தையாருக்கு இப்போது எழுபத்தேழு வயது, நீரிழிவும் உண்டு. அவரோடு அமர்ந்து இவ்வரலாற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ அது மருந்தாத்தான் இருந்தது, இல்லையா?" என்றார். ஆம் என்றேன். மருந்தென்றால் அளவு உண்டு. நாள்தோறும் விருந்தாக உண்ணலாகாது என்றும் சொன்னேன்.

கடந்த தீபாவளிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் அதே போன்ற நெகிழிப் பை இருந்தது. திறந்து பார்த்தேன். இரண்டு இளநீர்.

சிந்திப்போம், பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் நாம் செய்வோம்.