கொலம்பியா விட்டுப்போன மேகம்

2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை ராத்திரி. டிவியில டெக்சாஸ் வானத்துல வெள்ளைக் கோடுகளா கொலம்பியா விண்கலம் உதிர்ந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினாங்க. கல்பனா சாவ்லாவையும் சேர்த்து ஏழு பேர். அந்தக் காட்சி உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

ஆனா பதினாறு நாள் முன்னாடி, ஜனவரி 16-ல, அது ஃப்ளோரிடாவுல கிளம்பினப்போ விட்ட புகை எங்கே போச்சு? நான் யோசிச்சதே இல்லை. 2005-ல வந்த ஓர் ஆய்வைப் பத்திப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சது.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். ஷட்டில் கிளம்பும்போது நாம பார்க்கிற அடர்த்தியான வெண்புகை, பக்கத்து பூஸ்டர்களோடது. அதுல நிறைய அலுமினியம் ஆக்சைடு துகள்கள். ரெண்டு நிமிஷத்துல, சுமார் 45 கி.மீ. உயரத்துல பூஸ்டர்கள் கழண்டுடும். அப்புறம் எரியறது மெயின் எஞ்சின்கள் மட்டும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தா நீராவி. 'வெறும் தண்ணிதானே'ன்னு தோணும். ஆனா அதுல சுமார் 300 டன் போய்ச் சேர்ற இடம் 100 கி.மீ.க்கு மேலே. கீழே விட்ட புகையை மழை கழுவிடும். அங்கே மழை ஏது?

ரெண்டே நாள்ல அந்த நீராவி பூமத்திய ரேகையைத் தாண்டி தென்கோளத்துக்குப் போயிடுச்சுன்னு செயற்கைக்கோள் காட்டிச்சு. அடுத்த நாள் அண்டார்டிகாவுல, ரொதேரா நிலையத்து லேசர் கருவியில இரும்பு அணுக்கள் தெரிஞ்சுது. கொலம்பியாவோட எஞ்சின்ல இருந்து தேஞ்சு வந்த இரும்பு!

ஜனவரியில அங்கே கோடைக்காலம். ஆனா 80 கி.மீ. உயரத்துல குளிர் உச்சத்துல இருக்கிறதும் அப்போதான். இறங்கி வந்த நீராவி பனித்துகளா உறைஞ்சு மேகமாச்சு. அந்தப் பருவத்துல அண்டார்டிகா மேலே உருவான இந்த வகை மேகங்களோட மொத்த எடையில 10-லேருந்து 20 சதவீதம் இந்த ஒரே பயணத்தால வந்ததுன்னு மைக்கேல் ஸ்டீவன்ஸ் குழு கணக்குப் போட்டாங்க.

ரொதேராவுல அந்த இரும்பு தெரிஞ்ச அன்னிக்கு ஏழு பேரும் மேலே உயிரோட சுத்திட்டிருந்தாங்க. அதை நினைச்சா என்னமோ பண்ணுது.

ஷட்டில்கள் 2011-லயே ஓய்வு பெற்றாச்சு. ஆனா இப்போ உலகம் பூரா வருஷத்துக்கு 200-க்கு மேல ராக்கெட் கிளம்புது. பல ராக்கெட்டுகள் எரிக்கிறது மண்ணெண்ணெய். அதோட கரித்துகள் ஸ்ட்ராடோஸ்ஃபியர்ல தங்கி வெயிலை உறிஞ்சி சூடாகுது. ராக்கெட் வேண்டாம்னு சொல்ல வரலை. கண்ணுக்கு மறைஞ்ச புகை காணாமப் போயிட்டதுன்னு மட்டும் இனிமே நான் நினைக்க மாட்டேன்.

நீங்க என்ன நினைக்கறீங்க?