‘உதவினார்’ என்னும் வினைமுற்று

ஆனந்த குமாரசுவாமியின் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ 1908-இல் வெளிவந்தது. முகப்பில் அவர் பெயர் மட்டுமே உண்டு. நூலுக்கான நிழற்படங்களை எடுத்தவர் அவருடைய முதல் மனைவி எதெல். மனைவியர் உழைப்பைக் குறிக்க வரலாற்றெழுத்து வழக்கமாகக் கைக்கொள்ளும் சொல் ‘உதவினார்’ என்பது. இங்கு அது போதாது.

கனிம அளவைப் பணியின் பொருட்டுக் குமாரசுவாமி 1903 முதல் இலங்கைச் சிற்றூர்களுக்குச் சென்றபோது எதெலும் உடன் சென்றார். நெசவையும் பூத்தையலையும் அருகிருந்து கண்டார். இங்கிலாந்து திரும்பியபின் தாமே தறியில் அமர்ந்தார். மணமுறிவு, மறுமணம், அதன்பின் எதெல் மேரே என்றே அறியப்பட்டார். வேதிச் சாயங்கள் கோலோச்சிய காலத்தில், 1916-இல், அவர் எழுதிய தாவரச் சாய நூல் அவுரி முதலியவற்றைக் கொண்டு சாயமேற்றும் முறைகளைச் செய்முறைக் குறிப்புகளாகவே தந்தது. கண்டதை எழுதுவோர் பலர். செய்து பார்த்து எழுதியவர் இவர். பிரித்தானியாவின் ‘தொழில்துறைக்கான அரச வடிவமைப்பாளர்’ சிறப்பைப் பெற்ற முதற்பெண்ணும் இவரே.

சசெக்ஸ் பகுதியிலுள்ள டிச்லிங் சிற்றூரில் வாழ்ந்த எதெலைக் காண 1921-இல் குயவர்களான பெர்னார்ட் லீச்சும் ஷோஜி ஹமாடாவும் வந்தனர். நாட்டுப்புறத்தில் தங்கியே கைவினைஞர் தொழில் நடத்தலாம் என்பதை ஹமாடா அங்கே நேரில் கண்டார். ஜப்பான் திரும்பியபின் அவர் குடியேறியது மஷிகோ என்னும் சிற்றூரில்.