அனுப்பு வீதக் கட்டுப்பாடு (கம்பியில்லா வலையமைப்பு)

அனுப்பு வீதக் கட்டுப்பாடு என்பது, கம்பியில்லா வலையமைப்பு அட்டை ஒவ்வொரு பொதியையும் எந்த வேகத்தில் அனுப்ப வேண்டும் என்பதை அதன் இயக்கி மென்பொருள் முடிவு செய்யும் முறையாகும். 802.11பி சீர்தரத்தில் வினாடிக்கு 1, 2, 5.5, 11 மெகாபிட் என நான்கு வீதங்கள் உள்ளன. 802.11ஜி சீர்தரம் இவற்றுடன் 6 முதல் 54 வரை மேலும் எட்டு வீதங்களைச் சேர்த்தது. உயர்ந்த வீதத்துக்குத் தெளிவான குறிப்பலை தேவை. தாழ்ந்த வீதம் நலிந்த குறிப்பலையிலும் சென்று சேரும். பொதுப் பயன்பாட்டில் இத்தெரிவு தானாக நிகழ்கிறது. சோதனைகளில் அதனை நிறுத்தி, ஒரே வீதத்தை நிலைநிறுத்துவர்.

தானியங்குத் தெரிவு

சென்னை, எண்ணூர் துறைமுகங்களைப் போல எஃகுக் கொள்கலன்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில் அலைகள் தெறித்து, குறிப்பலையின் வலிமை அடிக்கடி மாறும். இத்தகைய மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கவே தானியங்கு முறைகள் தோன்றின. 1997-இல் வெளியான ஏஆர்எஃப் முறை, அடுத்தடுத்து இரண்டு பொதிகளுக்கு ஏற்புச் செய்தி வராவிட்டால் வீதத்தைக் குறைக்கும். பத்து பொதிகள் தொடர்ந்து வெற்றி பெற்றால் கூட்டும். லினக்சு கருனியில் 2008-இல் சேர்ந்த மின்சுட்ரல், ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் பொதிகளை வேறு வீதங்களில் அனுப்பிப் பார்த்துப் புள்ளிவிவரம் திரட்டுகிறது.

பொதி ஏன் தொலைந்தது என்பதை அனுப்பும் கருவி அறியாது. இதுவே இம்முறைகளின் அடிப்படைச் சிக்கல். தொலைவினால் நலிந்ததா, வேறொரு கருவியின் பொதியுடன் மோதியதா என்று பிரித்தறியாமல் வீதத்தைக் குறைத்தால், மோதலின்போது நிலைமை மேலும் மோசமாகும். மெதுவாகச் செல்லும் பொதி வானில் நெடுநேரம் இருப்பதால் மீண்டும் மோதும் வாய்ப்புக் கூடுகிறது.

தேனி வலையமைப்பு

2000-களின் நடுப்பகுதியில் அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையையும் சுற்றுப்புறக் கண் மையங்களையும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (பெர்க்லி) டியர் ஆய்வுக் குழு நெடுந்தொலைவு வை-ஃபை மூலம் இணைத்தது. நோயாளி ஊரிலேயே இருந்தபடி காணொளி வழியாக மருத்துவருடன் பேசுவதே இதன் பயன். படம் தடைபட்டால் கலந்தாய்வும் தடைபடும்.

வை-ஃபை சில நூறு மீட்டர் தொலைவுக்கென வகுக்கப்பட்டது. 15 கி.மீ. இணைப்பொன்றில் அலை போய்த் திரும்ப 100 மைக்ரோ வினாடி ஆகும். இயல்புநிலைக் காத்திருப்பு நேரம் அதற்குள் முடிந்துவிடும். பொதி நலமாகச் சேர்ந்திருந்தும் அனுப்புநர் அதனைத் தொலைந்ததாகக் கொண்டு மீண்டும் அனுப்புவார்; தானியங்கு முறையும் காரணமின்றி வீதத்தைக் குறைக்கும். ஏதரோசு சில்லுகளுக்கான மேட்வைஃபை இயக்கியில் தொலைவுக்கேற்பக் காத்திருப்பு நேரத்தை நீட்டிக்க இயலும். டியர் குழு இன்னும் ஒரு படி சென்றது. 2007-இல் வெளியிட்ட வைல்டுநெட் அமைப்பில் பொதிதோறும் வரும் ஏற்புச் செய்தியையே நீக்கி, இரு முனைகளும் முறைவைத்து அனுப்பும்படி செய்தது. இதனால் டிசிபி வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியது. ஏற்புச் செய்தி இல்லாவிடில் ஏஆர்எஃப் போன்ற முறைகளுக்குத் தகவலே இல்லை. ஆகவே வீதத்தை ஆய்வாளரே குறித்தாக வேண்டும்.

அதே ஆண்டில் இக்குழுவினர் வெளியிட்ட அளவீடுகள், நெடுந்தொலைவு இணைப்புகளில் பொதி இழப்புக்குப் பெருங்காரணம் பிற வை-ஃபை கருவிகளின் குறுக்கீடே எனக் காட்டின. வீதத்தை மாறவிட்டு இதனைக் கண்டறிவது அரிது.

சோதனை முறை

ஒரு வீதத்தை நிலைநிறுத்தி, மறு அனுப்பலை அணைத்து, எண்ணிட்ட பொதிகளை அனுப்பி மறுமுனையில் வந்தவற்றை எண்ணுவர். பின் அடுத்த வீதத்துக்குச் செல்வர். பழைய லினக்சில் ஐடபிள்யூகான்ஃபிக் கட்டளை இதற்குப் பயன்பட்டது. இப்போது ஐடபிள்யூ கட்டளை பயன்படுகிறது. கட்டளை ஏற்கப்பட்டது என்பதனாலேயே அட்டை கீழ்ப்படிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. தோல்வியுற்ற பொதியைச் சில இயக்கிகள் தாழ்ந்த வீதத்தில் மீண்டும் அனுப்பிவிடும். எனவே கண்காணிப்பு நிலையில் வைத்த மூன்றாவது கணினியால் வானில் செல்லும் பொதிகளைப் பிடித்து, உண்மையான வீதத்தைச் சரிபார்ப்பது நன்று. வீதத் தெரிவைச் சில்லின் உள்மென்பொருளே செய்யும் பல புதிய அட்டைகளில், இயக்கி வழியாக முழுக் கட்டுப்பாடு கிடைப்பதில்லை.