கடல் கடந்த கல்லூரிகளும் ஈழத்து மாணவரும்

பள்ளிப் படிப்பை நிறைவு செய்த இளைஞன் ஒருவன், இனி எக்கல்லூரியிற் சேர்வது என எண்ணிப் பார்த்தல் எல்லா நாட்டினர்க்கும் பொதுவானது. ஈழநாட்டிலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1942 ஆம் ஆண்டுவரை, அவ்வெண்ணம் வேறொரு வடிவம் கொண்டிருந்தது. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் ஒன்றேனும் இத்தீவில் இல்லாமையால், எக்கல்லூரி என்பதற்கு முன்னே எந்நாடு என்னும் வினாவே அவன்முன் நின்றது. அவ்வினாவுக்கு விடை கூறியது அவனுடைய விருப்பமும் திறமையும் மட்டுமன்று. குடும்பத்தின் பொருள்நிலையும், அரசினர் வகுத்த பரீட்சை முறையுமே பெரிதும் விடை கூறின.

இதற்கு முன்னர் யாழ்ப்பாணத்திலே உயர்கல்விக்கு இடமில்லாமற் போகவில்லை. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையிலே நிறுவிய செமினரி கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் முதலியவற்றை உயர்ந்த தரத்திற் கற்பித்தது. அதன் முதல் அதிபர் டானியல் பூவர் கருதியது முழுமையான கல்லூரி ஒன்றனையே. எனினும், 1855 இல் அமெரிக்காவிலிருந்து வந்த மிசன் தூதுக்குழுவினர், ஆங்கிலக் கல்வியானது மாணவரைச் சமயப் பணிக்கன்றி உத்தியோகத்துக்கே ஆயத்தஞ் செய்கின்றது எனக் கண்டனர், செமினரி மூடப்பட்டது. அதன்பின் இரண்டே ஆண்டுகளில், 1857 இல், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. இன்னும் சில்லாண்டு செமினரி நிலைத்திருப்பின், அவற்றுள் ஒன்றோடு இணைந்து யாழ்ப்பாணத்து மாணவரை ஊரிலேயே பட்டதாரிகளாக்கியிருத்தல் கூடும் என்று கருதுதல் மிகையாகாது.

அவ்வாறு நிகழாமையால், செமினரியின் பழைய மாணவர் இருவர் சென்னையிலே அப்பெயரைப் பெற்றனர். கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையுமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். இதனைப் பெருமையுடன் கூறுவோர் பலர்; அவர்கள் சென்னை சென்ற காரணத்தை நோக்குவோர் சிலரே. அவ்விருவரும் கல்லூரி தேடிக் கடல்கடந்த பள்ளிச் சிறுவர் அல்லர். விசுவநாதபிள்ளை 1855 ஆம் ஆண்டிலேயே வீசகணித நூலொன்றைத் தமிழில் வெளியிட்டவர். 1832 இல் சிறுப்பிட்டியிற் பிறந்த தாமோதரம்பிள்ளை, கோப்பாயில் ஆசிரியராயிருந்தபின், பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பின்பேரில் தினவர்த்தமானி என்னும் பத்திரிகையின் ஆசிரியப் பணியை ஏற்றுச் சென்னை சேர்ந்தவர். தொழில் அவரை அழைத்துச் சென்றது. பட்டம் அங்கே வாய்த்தது. அவர் மீண்டும் ஊரோடு நிலைத்துவிடவுமில்லை. கணக்கியற்றுறையிலும் நீதித்துறையிலும் தமிழகத்திலேயே பணியாற்றி, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அங்கிருந்தே பதிப்பித்தார். ஏட்டுச்சுவடிகளைத் தேடிய அவ்வறிஞர்க்குச் சென்னை வாழ்வு பேருதவியாயிற்று. எனினும் யாழ்ப்பாணம் தன் சிறந்த ஆசிரியர் ஒருவரை இழந்ததும் அதனாலேயே.

கொழும்பிலே நிலைமை சற்று வேறு. செல்வமும் செல்வாக்கும் உடைய குடும்பங்கள் அங்கே தம் மைந்தரை எக்கரைக்கு அனுப்புவது என ஆராயக்கூடியவையாயிருந்தன. ஒரே இல்லத்துச் சகோதரர் இருவேறு திசையிற் சென்றமைக்குப் பொன்னம்பல முதலியாரின் புதல்வர் தக்க சான்றாவர். 1851 இற் பிறந்த இராமநாதன், தம் தமையனார் குமாரசுவாமியுடன் சென்னை மாநிலக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். பட்டம் பெறாமலே திரும்பிக் கொழும்பிற் சட்டம் பயின்றார். அவர்தம் இளவல் அருணாசலமோ அரசினர் புலமைப்பரிசில் பெற்று, கேம்பிரிட்சில் கிறைஸ்துக் கல்லூரியிற் சேர்ந்தார். 1875 இல் இலங்கைக் குடியியற் சேவைக்குத் திறந்த போட்டியாலே தெரிவானார்.

அப்புலமைப்பரிசில் ஆண்டுதோறும் ஒருவர் இருவர்க்கே கிடைப்பது. அதனை நோக்கியே கொழும்புப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் அமைந்தன. 1880 ஆம் ஆண்டிலிருந்து கேம்பிரிட்சு உள்ளூர்ப் பரீட்சைகள் இங்கு நடைபெறலாயின. இலண்டன் பரீட்சைகளும் தொடர்ந்தன. வினாத்தாள்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. விடைத்தாள்கள் மீண்டும் கப்பலேறின. உள்ளூர்ப்பரீட்சை என்னும் பெயரில் உள்ளூர்க்குரியது பரீட்சை மண்டபம் ஒன்றே போலும்! ஓரிருவர் பெறும் பரிசிலுக்காக ஏனையோர் அனைவரும் இலத்தீனும் இங்கிலாந்துச் சரித்திரமும் மனனஞ் செய்து, தம் நாட்டு வரலாற்றையும் தாய்மொழி இலக்கியத்தையும் அறியாதே பள்ளியை விட்டு நீங்கினர்.

பரிசிலும் இன்றிப் பொருளும் இன்றி நின்ற பெரும்பான்மையோர் நிலை யாது? 1870 இல் தொடங்கிய கொழும்பு மருத்துவப் பள்ளி சிலர்க்கு வழியாயிற்று. வைத்தியர் கிறீன் மானிப்பாயிலே தமிழ்மொழியில் மருத்துவம் பயிற்றியமை வேறு சிலர்க்கு வாய்ப்பளித்தது. 1873 இல் அவர் நாடு திரும்பியபின் அம்முயற்சி நிலைக்கவில்லை. எஞ்சியோர் எழுதுவினைஞராகக் கொழும்புக்கும், பின்னர் மலாய்நாட்டுப் புகையிரதப் பகுதிக்கும் பிற அலுவலகங்களுக்கும் சென்றனர். கல்லூரியைத் தெரிவு செய்யவியலாதார் கப்பலைத் தெரிவு செய்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தினால் அவர்தம் இளையோர் சிலர் சென்னையிற் படித்தனர் என்பதையும் இங்குக் கூறல் வேண்டும். 1914 இல் தலைமன்னார் - தனுஷ்கோடி கப்பற் போக்குவரத்துத் தொடங்கியபின் அப்பயணம் எளிதாயிற்று.

ஊரைவிட்டு நீங்காமலே பட்டம் பெறும் வழியொன்றும் இருந்தது. இலண்டன் பல்கலைக்கழகம் வெளிவாரி மாணவரையும் பரீட்சைக்கு ஏற்றது. காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், பிற்காலத்து விபுலானந்த அடிகள், ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே 1920 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியானார். அதற்கு நான்காண்டு முன்னர் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் அவர் தேறியிருந்தார். இலண்டன் அவரிடம் தமிழைக் கேட்கவில்லை. மதுரை விஞ்ஞானத்தைக் கேட்கவில்லை. இரண்டையும் ஒருங்கே கற்க விரும்பிய மாணவன் இரண்டு கரைகளுக்குமாகத் தனித்தனியே உழைக்க வேண்டியிருந்தது. அத்தகைய உழைப்பு எல்லார்க்கும் இயல்வதன்று.

இக்குறையை நன்குணர்ந்தவர் கேம்பிரிட்சில் கற்ற அருணாசலமே. 1906 இல் அவரும் ஆனந்த குமாரசுவாமி முதலியோரும் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை நிறுவி, நாட்டுக்குரிய பல்கலைக்கழகம் வேண்டுமெனக் கிளர்ந்தனர். தாய்மொழிகளுக்கும் அதில் உரிய இடம் வேண்டுமென்பது அவர் கருத்து. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1921 தையிலே கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. கல்லூரி உள்நாட்டதாயினும் பட்டம் இலண்டனதே. மாணவர் தொடர்ந்தும் இலண்டன் பாடத்திட்டத்தையே பின்பற்றினர். இடைக்கால ஏற்பாடாகத் தோன்றிய அக்கல்லூரி இருபத்தோராண்டுகள் நீடித்தது. கொழும்பா கண்டியா என்னும் இடப்பூசல் அத்தாமதத்துக்குப் பெருங் காரணமாகும். 1924 இல் மறைந்த அருணாசலம் அப்பூசலின் முடிவைக் கண்டாரல்லர்.

1942 ஆடி மாதம் 1 ஆந் திகதி, ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராக, இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு விபுலானந்தர் அதன் முதற் றமிழ்ப் பேராசிரியரானார். 1945 இல் இலவசக் கல்வி பல்கலைக்கழகம்வரை விரிந்தபோது, வறியோர் வீட்டுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம் என்ற நிலை வந்தது. அதனோடு இடம் போதாமையும் வந்தது. பேராதனைக்கு இடம்பெயர்வு தொடங்கியபின்னும் அக்குறை தீர்ந்திலது. 1970களின் தொடக்கத்திலே புள்ளிகள் முதலில் மொழிவாரியாகத் தரப்படுத்தப்பட்டன. பின்னர் மாவட்டவாரி ஒதுக்கீடும் வந்தது. அப்பொழுது தகுதி பெற்றும் இடம் பெறாத தமிழ் மாணவர் பலர் மீண்டும் கடல்கடந்த கல்லூரிகளையே நாடினர்.

சென்னையிலிருந்து பட்டமின்றித் திரும்பிய இராமநாதன், 1913 இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கும், 1921 இல் திருநெல்வேலியிலே ஆண்களுக்குமாக இரு கல்லூரிகளை நிறுவியிருந்தார். 1974 இல் யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழக வளாகம் ஒன்று வழங்கப்பட்டபோது, அது அமைந்தது திருநெல்வேலிப் பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களிலேயாகும்.