உளி பெரிதா, உள்ளம் பெரிதா?

"கைத்திறன்தான் கலைஞனுக்குப் பெருமை"ன்னு எதிரணி நண்பர் அடிச்சுப் பேசிட்டுப் போயிட்டாரு. அவரை 1,700 ஆண்டுகளுக்கு முன்னால் கூட்டிக்கிட்டுப் போறேன், வரச் சொல்லுங்க!

ரோமப் பேரரசன் டயக்ளீஷியன் காலம். டான்யூப் நதிப் பக்கம் பன்னோனியா மாகாணம். அங்கே கிளாடியஸ், கஸ்டோரியஸ், சிம்போரியன், நிக்கோஸ்ட்ராட்டஸ், சிம்ப்ளீசியஸ் என்று ஐந்து கிறிஸ்தவச் சிற்பிகள். சூரியன் சிலை கேட்டான் அரசன். தேரோடும் குதிரையோடும் செதுக்கிக் கொடுத்தார்கள். அசந்து போனான். அடுத்து, மருத்துவத் தெய்வம் எஸ்குலேப்பியஸ் சிலை கேட்டான். "அது மட்டும் முடியாது"ன்னுட்டாங்க!

ஏன்? அழகுக்குச் செய்யும் சிலை வேற, பூசைக்குச் செய்யும் சிலை வேறன்னு விளக்கம் சொல்வாங்க. உயிரோடு ஈயப் பெட்டியில் அடைத்து ஆற்றில் போட்டார்கள் என்கிறது அவர்கள் சரிதம். ரோமில் உயிர்விட்ட நான்கு வீரர்கள் கதையும் இதோடு கலந்தது. "முடிசூடிய நால்வர்" என்ற பெயரில் கல்தச்சர்களுக்கு அவர்களே காவல் புனிதர்கள். நவம்பர் 8 திருநாள்.

1410-களில் ஃபுளோரன்ஸ் நகரத்துக் கல்தச்சர், மரத்தச்சர் சங்கம் ஓர்சான்மிக்கேலே கட்டடத்தில் இவர்களுக்குச் சிலை வைத்தது. செதுக்கியவர் நன்னி தி பாங்கோ. புனிதர்கள் காலடியில் என்ன செதுக்கினார் தெரியுமா? பட்டறையில் வேலை செய்யும் தொழிலாளிகளை!

நடுவர் அவர்களே, அந்த ஐந்து பேர் செதுக்கின சிலை எதுவும் இன்னிக்கு நம்ம கையில் இல்லை. செதுக்க மாட்டேன்னு சொன்ன சிலைதான் அவங்க பேரைக் காப்பாத்துது. உள்ளமே பெரிதென்று தீர்ப்பு தாருங்கள்.